முதல் லாரிக்கு முன்னால்

சாலமோன் கொல்லையில் குந்திக்கொண்டு கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்ட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சாலமோனு, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்பாள். குழாயில் இருப்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மருந்தும் அவன் மூத்திரத்தில் சில சொட்டும். கொதி வந்ததும் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் வாயைக் கட்டவில்லை. செங்கல் நிறம் வந்துவிட்டால் அவன் பெண்டாட்டி அந்தோணிமேரி அன்றைக்குப் பேசமாட்டாள். அலுமினியப் பாத்திரங்கள்தான் பேசும்.

அன்று பச்சை.

"பச்சை" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"பச்சைதானே, ஏன் கொரலு நடுங்குது?" என்று கேட்டுக்கொண்டே மேரி ஊசியை வெந்நீரிலிருந்து எடுத்தாள்.

குரல் நடுங்கியதற்குச் சர்க்கரை காரணம் இல்லை. அன்றைக்கு அவன் ரெண்டு வருஷத்துக்குப் பிறகு லாரிக்கு மூட்டை ஏற்றுகிற பலகையில் ஏறப் போகிறான்.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம் அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் அப்போதெல்லாம் கம்பெனி கிடையாது, வயல்தான். நடுவில் புகைபோக்கியை நீட்டிக்கொண்டு தாயாரம்மாள் ரைஸ் மில் நின்றது. சாலமோன் அங்கே லோடுமேன். அரிசி மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு லாரிக்குச் சாத்தியிருக்கிற பலகை மேல் அவன் ஏறினால் பலகை கிறீச்சிடாது என்பார்கள். அது பொய். எவன் ஏறினாலும் கிறீச்சிடும். ஆனால் அவனைப் பற்றி அப்படி ஒரு பொய் சொல்ல ஆட்களுக்குத் தோன்றியது என்பதுதான் விஷயம்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கோடையில் தாகம் ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தான், குடம் குடமாகப் போனான். தொடை கரைந்தது. கன்னம் ஒட்டியது. யாரோ செய்வினை என்றார்கள், யாரோ காசநோய் என்றார்கள். கடைசியில் மில் வாசலிலேயே மூச்சு வாங்கி விழுந்து, மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து எழுந்தபோது டாக்டர் கட்டிலண்டை நின்று சொன்னார்: "இது சர்க்கரை வியாதி. தினம் காலையில ஊசி. இந்த ஜென்மத்துக்கும் ஊசி."

சாலமோன் கேட்டது ஒன்றே ஒன்று. "மூட்டை தூக்கலாமா சார்?"

"உடம்பு தேறினா தூக்கு. கசரத்து பண்ணு, நல்லதுதான். ஆனா ஊசியைப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட வேலை செய்யாதே. கை நடுங்கி வேர்த்துக் கொட்டுச்சுன்னா அப்பவே வெல்லமோ சர்க்கரையோ வாயில போட்டுக்கணும். இல்லைன்னா மயக்கம், அப்புறம் ஆளே இருக்கமாட்டே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மேரி சொன்னாள்: "சக்கரை வியாதிக்கு சக்கரையையே மருந்துன்றாரு. இத வெளில சொன்னா சிரிப்பாங்க."

வெளியில் அவள் பாதியைத்தான் சொன்னாள். மில்லில் மேஸ்திரி பாண்டுரங்கன் கையைப் பிடித்துச் சத்தியமே வாங்கினாள்: "அண்ணே, ஒரு துளி இனிப்பு இவரு வாயில படக்கூடாது. பட்டா நான் தாலியறுத்தவ." எதிரே இருந்த டீக்கடையிலும் போய்ச் சொன்னாள். அதிலிருந்து கடைக்காரன் சாலமோனைக் கண்டதும் ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சக்கரை இல்லாம ஒண்ணு!" என்று கூவுவான். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் பாயச வாளியோடு அவன் இலையைத் தாண்டிக் குதிப்பான். ஊரே காவல் காத்தது. அன்புதான். ஆனால் அந்த அன்பு ஒரு பக்கம்தான் பார்த்தது.

மில்லில் அவனுக்குச் சாக்கு வாய் தைக்கிற வேலை கொடுத்தார்கள். முனியம்மாளும் இன்னும் சில பொம்பளைகளும் உட்கார்ந்து செய்கிற வேலை. முதல் நாள் முனியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வா தம்பி, வா. ஊசி போட்டுக்கினு வர்றவன் கையில இன்னோரு ஊசியா? ஆண்டவன் உனக்கு ஊசியாவே எழுதி வெச்சுக்கிறான் போ" என்றாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே கால்வாய் ஓரத்தில் ஒரு கிழிசல் சாக்கில் மணலை அள்ளிப்போட்டுத் தூக்கினான். அரைச் சாக்குகூட இல்லை, முழங்கால் மடங்கியது. மறுநாள் மறுபடி. தண்டால் எடுத்தான், பஸ்கி எடுத்தான், தெரிந்த ஒருத்தரிடம் கர்லாக்கட்டை இரவல் வாங்கிச் சுற்றினான். மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பழைய உடம்பு சும்மா வந்தது. அப்பன் கொடுத்தது, கூழ் கொடுத்தது, அதைப் பற்றி அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த உடம்பை அவன் ஒவ்வொரு சதையாகத் திரும்ப வாங்கவேண்டியிருந்தது. எந்தச் சதை எப்போது வந்தது என்று அவனால் சொல்லமுடியும்.

ஒன்று கண்டுபிடித்தான். பஸ்கி நிறைய எடுத்த நாளுக்கு மறுநாள் குழாயில் நீலம் அசையாது. ஊசியும் கசரத்தும் ஒரே பக்கம் இழுக்கிற ரெண்டு மாடு. வண்டியில் பாரம் இல்லாமல் ரெண்டையும் சேர்த்து ஓட்டினால் வண்டி குடை சாயும். பாரம் என்பது சாப்பாடு. அதனால் மடியில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டி முடிந்துவைத்திருப்பான். தைத்துக்கொண்டிருக்கும்போது ரெண்டொரு தடவை கை நடுங்கி, அதைக் கடித்து, சரியாகியிருக்கிறான். முனியம்மாள் பார்த்தாள். "திருட்டு வெல்லமா? மேரிகிட்ட சொல்றேன் இரு" என்றாள். "சொல்லு. அதுதான் முடிஞ்சு குடுக்குது" என்றான். அதோடு விட்டுவிட்டாள்.

உடம்பு திரும்பியது. மேஸ்திரியிடம் போய் நின்றான். பாண்டுரங்கன் அவன் தோளைத் தட்டிப் பார்த்தார், மாடு பிடிக்கிறவர் மாதிரி. "சரி, வெள்ளிக்கெழம மொத லாரிக்கு வா. ஒரு மூட்டை ஏத்திக் காட்டு. ஏத்திட்டா நீ எங்காளு. எல்லாருக்கும் உள்ளதுதான், உனக்குன்னு தனியா சட்டம் இல்ல."

எல்லாருக்கும் உள்ளது என்று அவர் சொன்னதில் இன்னொன்றும் அடக்கம். அதுதான் சாலமோனின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த மில் லோடுமேன்கள் முதல் லாரியைக் கட்டி அனுப்புகிறவரை வாயில் எதுவும் போடமாட்டார்கள். வரும்போதே ஒவ்வொருத்தனும் தன் தூக்கில் கொண்டுவந்த கூழை ஒரே தவலையில் ஊற்றிவிடுவான். லாரிக்குக் கயிறு போட்ட பிறகு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அந்தத் தவலையிலிருந்து குடிப்பார்கள். ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பக்கமும் காலனிக்காரர்கள் ஒரு பக்கமுமாகக் குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். பாண்டுரங்கன் ஊர்க்காரர். மேஸ்திரி ஆன அன்றைக்கே, "என் மூட்டைக்கு அவன் கை குடுக்கறான், அவன் மூட்டைக்கு நான் கை குடுக்கறேன். கூழு மட்டும் தனியா?" என்று கேட்டு எல்லாச் சட்டியையும் ஒன்றில் கவிழ்த்தார். ரெண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். போனவர்கள் போனார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாதி பார்க்காத பாத்திரம் அது ஒன்றுதான். அதை விட்டுத் தனியாகச் சாப்பிடுகிறவனை அவர்கள் சாதி பார்க்கிறவன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

காலனியிலிருந்து வருகிற சாலமோனுக்கு அந்தத் தவலை என்னவென்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஊசி போட்டால் சாப்பிடவேண்டும் என்பதும் தெரியும். வியாழக்கிழமை முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். லாரி விடிந்ததும் வந்துவிடும். ஊசியைக் கொஞ்சம் நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு உடனே ஓடினால், ஒரு மூட்டைதானே, ஏற்றிவிட்டுக் கூழுக்கு உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பும்போது வெல்லக்கட்டியை எடுத்தவன், அதை மறுபடி மாடத்திலேயே வைத்தான். மடியில் முடிச்சோடு எந்த லோடுமேன் ஏறுவான்?

மில்லுக்குப் போனான். மேரி கொடுத்த கூழைத் தவலையில் ஊற்றினான். லாரி வரவில்லை.

சுங்குவார்சத்திரத்தண்டை டயர் வெடித்துக் கிடக்கிறதாம் என்று யாரோ சைக்கிளில் வந்து சொன்னார்கள். ஆட்கள் மூட்டை மேல் சாய்ந்து பீடி பற்றவைத்தார்கள். வெயில் ஏறியது. சாலமோன் தவலையைப் பார்த்தான். மூடியிருந்தது. பார்வையைத் தைக்கிற கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுப்பன் என்கிற லோடுமேன், எப்போதும் அவனைச் சீண்டுகிறவன், கேட்டான்: "இன்னா சாலமோனு, பொம்பளைங்க பக்கம் பார்த்துக்கினுகீற? தெச்சுக்கினே இருந்துடலாம்னு தோணுதா?"

"உங்கூட குந்தறதுக்கு அதுவே தேவலாம்."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பழையபடி அவர்களோடு உட்கார்ந்து ஏச்சுப் பேச்சு வாங்குவது வயிற்றை நிரப்புகிற மாதிரி இருந்தது. நிரப்பவில்லை.

லாரி வந்து பலகை சாத்தினபோது அவனுக்கு உதடு மரத்திருந்தது. ஆசையினால் வந்த படபடப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பொய் என்றும் தெரிந்தது. கையை உயர்த்தி, "மேஸ்திரி, ஒரு வாய் கூழு குடிச்சுட்டு ஏறறேன்" என்று சொல்ல அவனுக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. குனிந்தான். ரெண்டு பேர் கை கொடுத்து மூட்டையை முதுகில் வைத்தார்கள்.

மூட்டை கனக்கவில்லை. அதுதான் கொடுமை. ரெண்டு வருஷம் மணல் சுமந்த தொடை சொன்னபடி கேட்டது. பலகையில் பாதி ஏறினான். கீழே யாரோ, "அப்படிப் போடு!" என்றார்கள். அப்புறம் பலகை ரெண்டு பலகையானது. எதில் கால் வைப்பது? சட்டையில்லாத உடம்பெல்லாம் வேர்த்தது, நெற்றி வேர்வை கண்ணில் விழுந்தது. யார் மேலென்று தெரியாமல் கோபம் வந்தது. முதுகில் எதையோ கட்டிவைத்து எல்லாருமாகத் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது. தோளை உதறினான்.

மூட்டை பலகையிலிருந்து தரையில் விழுந்து வாய் பிளந்தது. அவன் பின்னாலேயே சறுக்கி விழுந்தான்.

"சரக்கு போட்டுக்கினு வந்துகிறான்டா!" என்றான் சுப்பன்.

பாண்டுரங்கன் ஓடிவந்து தூக்கினார். சாலமோனுக்கு நாக்கு தடித்திருந்தது. "வெல்லம்" என்றான். "வெல்லம் குடு."

"இன்னாது?"

"சக்கர... சக்கர குடுய்யா..."

பாண்டுரங்கன் முகம் மாறியது. "அடப்பாவி, அது உனக்கு வெஷம்டா! மேரி கைல சத்தியம் பண்ணிக்கிறேன்டா நானு. தண்ணி குடி, தண்ணி."

சாலமோன் சொம்பைத் தட்டிவிட்டான். "டேய் பாண்டு!" என்று கத்தி அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மேஸ்திரியைப் பேர் சொல்லித் தள்ளியவன் அந்த மில்லில் அதுவரை இல்லை. ஆட்கள் பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார்கள். அவன் பலம் திரும்பியிருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பிடிக்க நாலைந்து பேர் வேண்டியிருந்தது.

தைக்கிற கொட்டகையிலிருந்து முனியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "யோவ் மேஸ்திரி! எப்பவும் கடிக்கிறவன்தான்யா அவன். வெல்லத்த கடிச்சா சரியாப்பூடும். குடுய்யா!"

"நீ சும்மா கெட. செத்தா யாரு பதில் சொல்றது?"

அவள் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினாள். "யாருக்கு, சாலமோனுக்கா? குடுத்தேன்னு தெரிஞ்சா மேரி என்னைக் கொன்னுடும்" என்று கடைக்காரன் சர்க்கரை டப்பாவைப் பின்னால் இழுத்தான். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். பிடித்திருந்தவர்களை முழங்காலால் இடித்து விலக்கிவிட்டு, சாலமோன் வாயைத் திறந்து ஒரு கை சர்க்கரையை உள்ளே தள்ளினாள். பாதி மீசையில் ஒட்டியது. "முழுங்கு. முழுங்குடா தம்பி."

எல்லாரும் அவன் சாவான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு முதலில் முனியம்மாளின் மூக்குத்தி தெரிந்தது. அப்புறம் அவள் முகம். அப்புறம் லாரி. கடைசியாகச் சிதறிக் கிடந்த அரிசி.

"மூட்டைய யாரு போட்டது?" என்று கேட்டான்.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அதிலேயே தெரிந்துகொண்டான்.

எழுந்து உட்கார்ந்தான். தலை இடித்தது, கால் திடமாகத்தான் இருந்தது. இன்னொரு மூட்டையை எடுத்து ஒரே ஓட்டமாக ஏற்றிக் காட்டிவிடலாம் என்று ஒரு வெறி வந்தது. ஏற்றிவிடவும் முடியும். ஆனால் அப்படி ஏற்றினால் நாளைக்கும் ஊசியை மறைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்து நிற்கவேண்டும், அடுத்த நாளும். தூக்கத் தெரியும் என்று காட்ட ரெண்டு வருஷம் உழைத்திருக்கிறான். சாப்பிடவேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க ஒரு நாள்கூட உழைத்ததில்லை.

"மேஸ்திரி, தப்பா பேசிட்டேன்" என்றான்.

"போ. வூட்டுக்குப் போய்ப் படு." பாண்டுரங்கன் அவனைப் பார்க்காமல் அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மேரி மாடத்தைத்தான் முதலில் பார்த்தாள். "வெல்லத்த வெச்சுட்டுப் போயிக்கிற. இன்னாய்யா, சாவறதுக்கா போன?"

"ஊரு முழுக்கக் குடுக்காதேன்னு சொல்லி வெச்சியே, எப்பக் குடுக்கணும்னு ஒருத்தருக்காவது சொன்னியா?"

"ரெண்டையும் சொன்னா எவன் நம்புவான்? பைத்தியக்காரின்னுவான்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ மட்டும்? உனக்கு வியாதின்றதே அவங்களுக்கு மறந்துபூடணும்னுதானே ஓடன?"

அவன் மீசையில் காய்ந்திருந்த சர்க்கரையை அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஊசி போட்டுக்கொண்டு, மடியில் வெல்லத்தை முடிந்து, கூழ்த் தூக்கோடு மில்லுக்கு வந்தான். லோடுமேன்கள் தவலையைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவன் தூக்கைத் தவலையில் கவிழ்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான்.

"பார்றா" என்றான் சுப்பன். "நேத்து மூட்டையப் போட்டான், இன்னிக்குத் தனிச் சட்டி. ஐயாவுக்கு நம்ம கூழு எறங்காதாம்."

சாலமோனுக்குக் காது சுட்டது. பலகையில் ஏறுவது இதைவிடச் சுலபம். பாண்டுரங்கனைப் பார்த்தே பேசினான்.

"மேஸ்திரி, நான் ஊசி போட்டுக்கினு வரேன். போட்டா துன்னணும். துன்னாம தூக்குனா நேத்து மாதிரி ஆவும். எனக்குப் பலம் இல்லாம இல்ல, நேத்து என்னப் புடிச்சவங்களக் கேளு. எனக்கு மொத லாரிக்கு முன்னாடி கூழு வோணும். தெனிக்கும் வோணும். கை நடுங்குனா வெல்லம் வோணும், அத நான் கேட்டா குடுக்கணும். இப்படி ஒருத்தன் உங்களுக்கு வோணான்னா சொல்லிடு, நான் சாக்கு தெக்கப் போறேன். மறைச்சுக்கினு மட்டும் இனிமே ஏறமாட்டேன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. பாண்டுரங்கன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

"மேரி எனக்குப் பாதிதான் சொல்லிச்சு" என்றார். அப்புறம், "மூடு அத" என்றார்.

சாலமோன் மூடினான். முடிந்தது என்று நினைத்தான். பாண்டுரங்கன் குனிந்து அந்தத் தூக்கை வாங்கினார், மூடியைக் கழற்றினார், மொத்தக் கூழையும் தவலையில் ஊற்றினார். கரண்டியால் கலக்கினார். ஒரு சொம்பு மொண்டு அவன் முன்னால் நீட்டினார்.

"இப்பக் குடி. எத்தினி சொம்பு வோணுமோ குடி. ஆனா இதுலேந்துதான் குடிக்கணும்."

"மொத லாரி இன்னும் வரலையே மேஸ்திரி" என்றான் சுப்பன். "சட்டம் சட்டம்னு சொன்ன?"

"தவலைதான்டா சட்டம். நேரம் சட்டம் இல்ல."

"ஒருத்தன் குடிச்ச மிச்சத்த நான் குடிக்கணுமா?" சுப்பன் துண்டை உதறிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். அவனோடு இன்னொருத்தனும் போனான். பாண்டுரங்கன் கூப்பிடவில்லை.

மீதி ஆட்கள் பசியோடு நின்று பார்க்க, சாலமோன் குடித்தான். அவனுக்கு மெதுவாகக் குடிக்கவும் வெட்கம், வேகமாகக் குடிக்கவும் வெட்கம். தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் சத்தம் போட்டு இறங்கியது. பச்சை வெங்காயம் ஒன்றை யாரோ தூக்கிப் போட்டார்கள். பிடித்துக் கடித்தான்.

லாரி வந்தது. பலகை சாத்தினார்கள். சுப்பன் இன்னும் திரும்பவில்லை. கை கொடுக்க ஆள் குறைந்தது. பாண்டுரங்கனே மூட்டையின் ஒரு முனைக்கு வந்தார். மேஸ்திரி ஆன பிறகு அவர் கை கொடுத்ததில்லை.

"துன்னு முடிச்சியா தொரை?"

"முடிச்சுட்டேன்."

"கை நடுங்குதா?"

சாலமோன் கையை விரித்து நீட்டிப் பார்த்தான். எல்லாருக்கும் தெரிகிற மாதிரியே நீட்டினான். "இல்ல."

"அப்ப குனி."

குனிந்தான். மூட்டை முதுகில் வந்து உட்கார்ந்தது. நேற்று மாதிரி இல்லை. அதன் கனம் முழுக்கத் தெரிந்தது. எதிரே பலகையும் ஒன்றாகவே நின்றது.